கழிச்சலில் வாடும் கன்றைக் காப்பாற்றுவது எப்படி?

காலையில் பால் கறக்கப் போகும்போது, வழக்கமாகத் துள்ளி எழும் கன்று மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. வாலின் அடியிலும் பின்னங்கால்களிலும் மஞ்சளாகத் தண்ணீர்ச் சாணி ஒட்டிக் கிடக்கிறது. "பால் அதிகமாகக் குடித்துவிட்டது. இன்று ஒரு நாள் பாலை நிறுத்தி, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படியே செய்கிறார்கள். மறுநாள் காலையில் கன்று எழுவதில்லை.

ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டம் அல்ல. இறந்தது கிடாரிக் கன்றானால், மூன்று வருடம் கழித்துத் தொழுவத்தில் நிற்க வேண்டிய ஒரு கறவை மாடு போய்விட்டது என்று பொருள். நாட்டு மாடும் எருமையும் கன்று இல்லாவிட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததே. கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னே நிறுத்திப் பால் கறந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

கழிச்சல் கண்ட கன்றுகளில் பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைக்க முடியும். அதற்கு வேண்டியவை வெந்நீர், உப்பு, ஆப்ப சோடா, குளுக்கோஸ், ஒரு பால் புட்டி ஆகியவையே. ஆனால் அவற்றை முதல் நாளிலேயே, சரியான அளவில், சரியான முறையில் கொடுக்க வேண்டும்.

கன்று எதனால் சாகிறது?

பிறந்து ஒரு மாதத்துக்குள் வரும் கழிச்சலுக்குக் காரணங்கள் பல. முதல் மூன்று நான்கு நாட்களில் வருவது பெரும்பாலும் ஒருவகை பாக்டீரியாவினால். ஐந்தாம் நாளுக்கு மேல் இரண்டு மூன்று வாரம் வரை வைரஸ்களும், கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்களும் குடலைத் தாக்குகின்றன. எருமைக் கன்றுகளில் உருண்டைப்புழுவும் சேர்ந்துகொள்கிறது. கிருமி எதுவாக இருந்தாலும் சாவு வரும் வழி ஒன்றுதான். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் கழிச்சலோடு வெளியேறிவிடுகின்றன. இரத்தத்தில் புளிப்புத் தன்மை ஏறிவிடுகிறது. கன்று சோர்ந்து, குளிர்ந்து, விழுந்துவிடுகிறது.

இளங்கன்றின் உடல் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். 25 கிலோ எடையுள்ள கன்று 2 லிட்டர் தண்ணீரை இழந்தால் எடையில் நூற்றுக்கு 8 பங்கு போய்விட்டது. 3 லிட்டர் போனால் எழுந்து நிற்க இயலாது. அதற்கும் மேலே போனால் பிழைப்பது அரிது. கடுமையான கழிச்சலில் இவ்வளவு தண்ணீர் ஒரே நாளில் போய்விடும். "நேற்று மாலை நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்லக் கேட்பது இதனால்தான்.

எவ்வளவு வறண்டிருக்கிறது என்று பார்ப்பது

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் கண்ணைப் பாருங்கள். நலமான கன்றின் கண்விழி இமையோடு ஒட்டி நிறைந்து நிற்கும். தண்ணீர் குறையக் குறைய விழி உள்வாங்கி, இமைக்கும் விழிக்கும் நடுவே இடைவெளி தெரியும். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். இரண்டாவதாக, கழுத்தின் பக்கவாட்டில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். நலமான கன்றில் தோல் உடனே படிந்துவிடும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணும்வரை மடிப்பு நின்றால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அறியலாம். ஐந்துக்கு மேல் எண்ணியும் மடிப்பு நின்றால் நிலைமை மோசம். எலும்பும் தோலுமாக மெலிந்த கன்றில் தோல் சோதனை ஏமாற்றும். அங்கே கண்ணை நம்புவதே மேல்.

மூன்றாவது சோதனைதான் மிகவும் முக்கியமானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரலைக் கன்றின் வாய்க்குள் விடுங்கள். விரலை இழுத்துச் சூப்பினால் வீட்டிலேயே வைத்தியத்தைத் தொடங்கலாம். சூப்பாமல் சும்மா மென்றாலோ, வாய் குளிர்ந்திருந்தாலோ நேரம் கடந்துவிட்டது. காதும் கால்களும் சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் படுத்திருக்கும் கன்றுக்கு வாய்வழியாக ஊற்றும் தண்ணீர் குடலில் சரியாக ஏறாது. இரத்தக் குழாய் வழியே சலைனும், புளிப்பை முறிக்கும் மருந்தும் ஏற்றியாக வேண்டும். அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய முடியும். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணில் அழைத்துக் கால்நடை அவசர ஊர்தியைக் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வயதான கன்றுகளில், கண் அவ்வளவாகக் குழி விழாமலேயே இரத்தத்தில் புளிப்பு ஏறிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட கன்று குடித்தவன்போலத் தள்ளாடும், தூங்கி வழியும். கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

உப்பு நீர் தயாரிக்கும் முறை

கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் 2 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சமையல் உப்பு தலைதட்டிய தேக்கரண்டி ஒன்று, ஆப்ப சோடா தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றரை, குளுக்கோஸ் தூள் 50 கிராம் ஆகியவற்றைப் போட்டுக் கரையுங்கள். 100 கிராம் பொட்டலம் வாங்கினால் பாதி போதும். தேக்கரண்டி என்பது 5 மில்லி பிடிக்கும் சிறிய கரண்டி. குழம்புக் கரண்டி அல்ல. இளநீர் கிடைத்தால் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்து, அதற்குப் பதில் ஒரு டம்ளர் இளநீர் சேர்க்கலாம். கழிச்சலில் போகும் பொட்டாசியம் என்ற உப்பு இளநீரில் நிறைய உண்டு. ஆனால் சாதாரண உப்புச் சத்து அதில் குறைவு. ஆகவே இளநீரை மட்டும் கொடுத்துக் கன்றைத் தேற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கரைத்தபின் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அளவு தவறிவிட்டது. கீழே கொட்டிவிட்டு வேறு தயாரியுங்கள். உப்பு மிகுந்த நீர் கன்றைக் கொன்றுவிடும். காலையில் கலக்கியதை மறுநாளுக்கு வைத்திருக்கவும் கூடாது.

மருந்துக் கடையில் மனிதர்களுக்கென விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருந்தால் அவசரத்துக்கு அதையும் பயன்படுத்தலாம். 1 லிட்டருக்கு உரிய பொட்டலத்தைச் சரியாக 1 லிட்டரில் கரைத்து, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி சேர்க்க வேண்டும். கன்றின் இரத்தத்தில் ஏறும் புளிப்பை முறிக்க அந்தப் பொட்டலத்தில் உள்ள காரம் மட்டும் போதாது.

சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு சிட்டிகை உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்கிறோம், கஞ்சி கொடுக்கிறோம், குழந்தை தேறுகிறது. அதே வைத்தியத்தைக் கன்றுக்குச் செய்தால் கழிச்சல் கூடுகிறது. சர்க்கரையையும் வெல்லத்தையும் உடைத்துச் செரிக்க வைக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. செரிக்காத சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து மேலும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. கஞ்சியிலுள்ள மாவுச் சத்தையும் சில நாள் வயதுள்ள கன்றால் சரிவரச் செரிக்க முடியாது. பாசத்தோடு கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிக் கன்றைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். குளுக்கோஸ் தூள் வாங்கும்போதும் ஆரஞ்சு வாசனை, நிறம், சர்க்கரை என்று எதுவும் சேர்க்காத வெறும் குளுக்கோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து ஏன் இப்படி வேலை செய்கின்றன என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கதே. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளைப்போல, உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே குடல் சுவருக்குள் நுழைகின்றன. அவை போகும் வழியில் தண்ணீரும் பின்தொடர்கிறது. கழிச்சல் கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இதை எடுத்துக் கூறினார். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துவிட்ட நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் என்றிருந்த சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்தது 2022-ல். மறு ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது. நம் தொழுவத்தில் கன்றுக்குக் கரைக்கும் நீரும் அந்த வழியில் வந்ததே.

கொடுக்கும் அளவும் நேரமும்

கன்றின் எடை தெரிய வேண்டும். நாட்டுக் கன்று பிறக்கும்போது சுமார் 20 கிலோ, ஜெர்சி கலப்பினம் 25 கிலோவுக்குச் சற்று முன்பின், எருமைக் கன்று 30 கிலோ அளவில் இருக்கும். நெல் மண்டித் தராசு பக்கத்தில் இருந்தால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

ஒரு கன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது நாள் வயது, ஜெர்சி கலப்பினக் கிடாரி, 25 கிலோ. கண் குழி விழுந்திருக்கிறது, தோல் மடிப்பு நான்கு எண்ணும்வரை நிற்கிறது, ஆனால் விரலைச் சூப்புகிறது. ஏற்கெனவே இழந்தது ஏறக்குறைய 2 லிட்டர். ஒரு நாளுக்கு உடம்புக்கு வழக்கமாக வேண்டியது ஒன்றரை லிட்டர். இன்று கழிச்சலில் இன்னும் போகப்போவது 1 முதல் 2 லிட்டர். ஆக 5 லிட்டர் அளவுக்குத் திரவம் இன்றைக்குள் உள்ளே போக வேண்டும். இதில் பால் இரண்டேகால் லிட்டர். மீதி உப்பு நீர்.

முதலில் உப்பு நீர் 1 லிட்டர். அதன்பின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து முக்கால் லிட்டர் பால். மறுபடி மூன்று மணி கழித்து உப்பு நீர். இப்படி மாற்றி மாற்றி மூன்று வேளை உப்பு நீரும் மூன்று வேளை பாலும் கொடுத்தால் காலை 6 மணிக்குத் தொடங்கியது இரவு 9 மணியோடு முடியும். நள்ளிரவில் எழுந்து இன்னொரு அரை லிட்டர் உப்பு நீர் கொடுக்க மனமிருந்தால் கன்றுக்கு நல்லது. பாலையும் உப்பு நீரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. பால் கன்றின் வயிற்றில் உறைந்தால்தான் நன்றாகச் செரிக்கும். சோடா உப்பு அதை உறையவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பாலை நிறுத்த வேண்டாம். ஒரு காலத்தில் இரண்டு நாள் பாலை நிறுத்தும்படி சொல்லி வந்தார்கள்; இப்போது அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. உப்பு நீரில் தண்ணீர் உண்டு, உப்பு உண்டு; உடம்பை வளர்க்கும் சத்து போதுமான அளவு இல்லை. பாலை நிறுத்திய கன்று பட்டினியால் மெலிந்து, குடல் புண் ஆறாமல் கிடக்கும். தாயிடம் ஊட்டுகிற கன்றானால் வழக்கம்போல் ஊட்டவிட்டு, இடைவேளையில் புட்டியில் உப்பு நீர் கொடுங்கள். ஒரே நேரத்தில் வயிறு முட்ட ஊட்டவிடாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து ஊட்டவிட்டால் போதும்.

மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ தலையைத் தூக்கிப் பிடித்து மடமடவென்று ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால், கழிச்சலில் பிழைத்த கன்று நுரையீரல் நோயில் சாகும். ரப்பர் காம்பு வைத்த புட்டியில், கன்று நின்ற நிலையில், தலை தாயிடம் ஊட்டும்போது இருக்கும் உயரத்தில் இருக்கக் கொடுங்கள். ஒரு லிட்டர் குடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். அவசரப்படக் கூடாது. சிலநேரம் வீட்டுப் பெண்களிடம் குடிக்கும் கன்று ஆண்கள் கொடுத்தால் குடிக்காது. பொறுமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆட்டுக்குட்டிக்கும் இதே நீர்தான். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி, நாளைக்கு நான்கைந்து வேளை.

தேறும் அடையாளம்

முதல் வேளை, இரண்டாம் வேளை கொடுத்தபின் கன்று சிறுநீர் கழிக்கிறதா என்று கவனியுங்கள். நெடுநேரமாகச் சிறுநீர் கழிக்காதிருந்த கன்று நன்றாகக் கழித்தால் உள்ளே போன தண்ணீர் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று மகிழலாம். மாலைக்குள் கண் சற்று நிறையும், காது சூடாகும், தாயின் குரலுக்குத் தலை தூக்கும். கழிச்சல் அதற்குள் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குடல் ஆற மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை கழிச்சல் இருந்துகொண்டேதான் இருக்கும். போகிற தண்ணீருக்கு ஈடுகொடுத்துக்கொண்டு நீங்களும் இருக்க வேண்டும். முதல் நாள் தேறியதும் உப்பு நீரை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் கன்றை இழந்தவர்கள் பலர். கழிச்சல் கெட்டியாகும்வரை தினமும் இரண்டு வேளையாவது கொடுத்து வாருங்கள்.

சில மணி நேரத்தில் தேறுதல் தெரியாவிட்டாலும், விரலைச் சூப்புவதை நிறுத்திவிட்டாலும், சாணியில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரை அழைத்துவிடுங்கள். கன்றின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 100-க்குக் கீழே இறங்குவது காய்ச்சலைவிடக் கெட்ட அடையாளம். அப்படிப்பட்ட கன்றைக் காய்ந்த வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்து, கோணிச் சாக்கால் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஈரத் தரையில் கிடக்கும் கன்றுக்கு எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் சூடு ஏறாது.

மருந்து பற்றிச் சில சொற்கள்

கழிச்சல் என்றதும் கடைக்குப் போய் மாத்திரை வாங்குவது வழக்கமாகிவிட்டது. வைரஸினால் வந்த கழிச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. இரத்தம், காய்ச்சல், சோர்வு இருந்தால் மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். குடலின் அசைவைக் கட்டிப்போடும் மனித மாத்திரைகளைக் கன்றுக்குக் கொடுக்காதீர்கள். கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும். நாட்டு மருந்து கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். ஆனால் அதோடு உப்பு நீரும் போக வேண்டும்.

எருமைக் கன்று சேற்று நிறத்தில், கெட்ட நாற்றத்தோடு கழிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தால் உருண்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். இந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்குள் வந்துவிடுகிறது. பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் பெரும் தொல்லை நீங்கும்.

நோய்க் கன்றைத் தனியே கட்டுங்கள். நலமான கன்றுகளுக்கு முதலில் பால் கொடுத்துவிட்டுக் கடைசியில் இதனிடம் போங்கள். புட்டியையும் காம்பையும் ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவுங்கள். கன்றுக்குக் கழிச்சல் தரும் சில கிருமிகள் மனிதரையும் தொற்றும். கையைச் சோப்பால் கழுவாமல் சாப்பிடக் கூடாது; சிறு குழந்தைகளை நோய்க் கன்றோடு விளையாட விடாதீர்கள். அந்த ஓரணு உயிர்களில் ஒருவகை பினாயிலுக்குச் சாகாது, காய்ச்சலுக்குச் சாகும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இங்கே காய்ச்சல் என்பது தரையை வெயிலில் காயவைப்பது. ஈர வைக்கோலை அகற்றி, இடத்தை நன்றாகக் காயவிட்டபின் அடுத்த கன்றைக் கட்டுங்கள்.

அடுத்த ஈற்றில் சீம்பாலைக் கவனியுங்கள். "நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம்" என்று காத்திருக்க வேண்டாம். கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் வரை கொடுக்கலாம். நோயைத் தடுக்கும் சத்து குடல் வழியே இரத்தத்தில் ஏறும் வாசல் மணிக்கு மணி அடைபட்டுக்கொண்டே வந்து, ஒரு நாளில் மூடிவிடும். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் தடவுவதும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

சினை மாடு நிற்கும் வீட்டில், ஈற்றுக்கு முன்னதாகவே 100 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு, ஆப்ப சோடா ஒரு பொட்டலம், ரப்பர் காம்போடு ஒரு புட்டி, 5 மில்லி கரண்டி ஒன்று வாங்கித் தொழுவத்துப் பரணில் வைத்துவிடுங்கள். கழிச்சல் பெரும்பாலும் கடை திறந்திராத நேரத்தில்தான் கண்ணில் படுகிறது.